பவுலினா வளர்த்த கசோவாரி

ஈமுவைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதன் முன்னால் போய் நிற்க மாட்டார்கள். அதன் கால் முன்பக்கமாகத்தான் உதைக்கும். பின்னாலிருந்து நெருங்கி, இரண்டு விலாவிலும் மயிருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சாண் நீளச் சிறகுகளைக் கையால் தேடிப் பிடித்து, பறவையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டால் அது அடங்கிவிடும். பவுலினாவுக்கு இது கைவந்த வேலை. நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் ஈமுப் பண்ணை போட்டிருந்த காலத்தில் அவள் அங்கே இரண்டு வருஷம் தீனி வைத்தாள். அவள் கணவன் மைக்கேல்ராஜ் அதே தோப்பில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈமு மோகம் இரண்டே வருஷத்தில் அடங்கியது. பண்ணைக்காரர் ஒருநாள் சேலம் போய்வருகிறேன் என்று கிளம்பினார், திரும்பவில்லை. நூற்று நாற்பது பறவைகளுக்குத் தீனி தீர்ந்துபோயிற்று. காலையில் பவுலினா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் கூட்டம் முழுவதும் அவளை நோக்கி ஓடிவரும். கத்தாமல் வரும். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். கம்பி வலைக்கு மேலே வரிசையாகக் கழுத்துகள் நீண்டு அவள் கையில் இருக்கும் முருங்கைத் தழையையும், சேலை முந்தானையையும், சில நேரம் தலைமயிரையும் கொத்தி இழுக்கும். பசியால் வருகிறது என்று தெரிந்தாலும் உடம்பு நடுங்குவதை அவளால் நிறுத்த முடிந்ததில்லை. அரசாங்கத்து ஆட்கள் வந்து பறவைகளை ஏற்றிப்போகப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் அவள் போனாள்.

பிறகு இருவரும் ஓசூருக்கு வந்தார்கள். மைக்கேல்ராஜுக்கு ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. பவுலினா இன்னொரு கம்பெனி கேன்டீனில் எட்டு வருஷம் சாம்பார் கிளறினாள். கொரோனாவில் கேன்டீனை மூடியபோது, உத்தனப்பள்ளியைத் தாண்டி உள்ளே ஒரு பண்ணை வீட்டில் வாத்து, வான்கோழி, லவ்பேர்ட்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தங்க வீடும் உண்டு என்று யாரோ சொன்னார்கள். முதலாளி பெங்களூர்க்காரர், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். எல்லாம் மேனேஜர் பிரகாஷ் கையில். அத்திப்பள்ளிக்காரனான அவன் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். முதல் ஒரு வருஷம் பவுலினாவுக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை.

அடுத்த மாசி மாதம் பிரகாஷ் காரின் டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இறக்கினான். உள்ளே மூன்று குஞ்சுகள். பழுப்பும் வெளுப்புமாக முதுகில் நீளக் கோடுகள்.

"ஈமு மரி... குஞ்சுக்கா. உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றான்.

பவுலினா குனிந்து பார்த்தாள். ஈமுக் குஞ்சுக்குத் தலையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இவற்றின் தலை ஒரு புள்ளிகூட இல்லாமல் செம்மண் நிறத்தில் இருந்தது. தீனி வைத்தால் சீண்டவில்லை. பப்பாளி நறுக்கிப் போட்டதும் பாய்ந்தன. தரையில் கிடந்த முழு நெல்லிக்காயை ஒன்று தூக்கி விழுங்கியது. அடுத்த நாள் கொட்டை அப்படியே எச்சத்தில் கிடந்தது. கால்களைப் பார்த்தாள். ஈமுவைப் போலவே மூன்று விரல்கள்தான். ஆனால் உள்பக்க விரலின் நகம் மட்டும் மற்ற நகங்களைப் போல வளையாமல், தையல் ஊசியைப் போல நேராக நீண்டிருந்தது.

"சார், இது ஈமு இல்லீங்க."

"பின்ன ஏனு? மயிலா?" என்று சிரித்தான் பிரகாஷ். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போட்டோ கீட்டோ எடுக்காதக்கா. வெளிய யார்கிட்டயும் பேசாத. சரியா?" என்றான்.

அந்த 'சரியா'வில் இருந்த மிரட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பண்ணையில் அவள் முதலில் பயந்தது அன்றைக்குத்தான். பறவையைப் பார்த்தல்ல, பிரகாஷைப் பார்த்து.

ஒரு குஞ்சு மழைக்குத் தாங்காமல் செத்தது. மற்ற இரண்டும் வளர்ந்தன. கோடுகள் மறைந்து பழுப்பாயின. இரண்டாம் வருஷம் பழுப்புக்கு நடுவே கறுப்பு இறங்கியது. கழுத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது, தோல் நீலமாகிக்கொண்டே வந்தது. முன்கழுத்தில் சிவப்பாக இரண்டு தொங்கட்டான் இறங்கின. உச்சந்தலையில், கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைக்கும்போது வருவதைப் போல ஒரு புடைப்பு எழும்பி, மாதம் மாதமாக உயர்ந்து, கத்தியை நிறுத்தி வைத்ததுபோல் நின்றது. இரண்டில் பெரியது பவுலினாவின் தோள் உயரத்தைத் தொட்டது. உள்விரல் நகம் அவள் நடுவிரலைவிட நீளமாகிவிட்டது.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் சீறத் தொடங்கியதால் பிரகாஷ் கூண்டை நடுவில் வலை கட்டிப் பிரித்தான். பவுலினா வலைக்கு வெளியே நடந்தால் பெரியது உள்ளே கூடவே நடக்கும். அவள் நின்றால் நிற்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். ஈமுக்கள் ஓடிவந்தது பசிக்கு. இது எதற்கு வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் காலை வாளியைக் கீழே வைத்துவிட்டு வாழைப்பழச் சீப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாளியின் கம்பிப் பிடி தானாகக் கிடுகிடுவென்று ஆடியது. பிறகு நெஞ்சுக் கூட்டுக்குள் ஏதோ உறுமுவதைப் போல இருந்தது. காதில் கேட்டது அதற்கப்புறம்தான். தூரத்தில் எங்கேயோ போர் போடும் லாரி ஓடுவதைப் போன்ற சத்தம். நிமிர்ந்து பார்த்தாள். பெரிய பறவை கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, முதுகு மயிர் முழுவதும் சிலிர்த்து, அவளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அதன் வாய் மூடியிருந்தது. பவுலினா சீப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

அன்று மாலை மைக்கேல்ராஜிடம் சொன்னாள்.

"தீனி வெக்கறவள அது என்ன பண்ணப்போவுது பவுலி? நீ ஈமுவயே கட்டிப் புடிச்சவ" என்றான் அவன்.

"ஏங்க, அது என்னப் பாக்கறது வேற மாதிரி இருக்குதுங்க. நீங்க ஒரு வாட்டி வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவன் கூண்டுப் பக்கம் போனான். கையால் வலையைத் தட்டி, "ஏய், இன்னா?" என்றான். பறவை நின்ற இடத்திலிருந்தே எழும்பியது. இரண்டு காலும் சேர்ந்து அவன் மார்பு உயரத்தில் வலையில் விழுந்தன. கம்பி இரண்டு கண்ணி தெறித்தது. மைக்கேல்ராஜ் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்துவிட்டு, "டெல்சி படிப்பு முடியட்டும். வேற எடம் பாத்துக்கலாம்" என்றான். மகள் கிருஷ்ணகிரியில் நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு மாதம். நான்கு மாதத்தைத் தள்ளிவிடலாம் என்று பவுலினா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம்தான் தள்ள முடிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அவள் போனபோது நடுவலை கிழிந்து தொங்கியது. சின்னது ஒருக்களித்துக் கிடந்தது. வயிற்றிலிருந்து தொடை வரை திறந்திருந்தது. பெரியது மூலையில் நின்று, பப்பாளித் தோலைக் கொத்திக்கொண்டிருந்தது.

போனில் பிரகாஷ் குரலைத் தாழ்த்திப் பேசினான். "இளுத்துட்டுப் போயி குழி தோண்டிப் பொதச்சிடு அக்கா. யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் நாளன்னைக்கி வர்றேன்."

நீளக் கம்பில் கொக்கி மாட்டிச் செத்ததை இழுத்து வெளியே எடுக்கப் பவுலினாவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பெரியது தலை நிமிர்த்தும்போதெல்லாம் கம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். எடுத்த பிறகு மண்வெட்டியுடன் நின்றாள். இதைப் புதைத்துவிட்டு நாளைக்கும் அந்தக் கூண்டுக்குப் போக வேண்டும். அதில் இருப்பது என்ன என்றுகூடத் தெரியாமல் போக வேண்டும். அவள் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, வாத்துகளுக்குத் தடுப்பூசி போட வந்தபோது கால்நடை டாக்டர் மணிமேகலை கொடுத்துவிட்டுப் போன நம்பரைத் தேடினாள். இரண்டுமுறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை பிடித்தாள்.

டாக்டர் ஸ்கூட்டியில் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தகரக் கொட்டகையில் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்த பறவையைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்தார்.

"அக்கா, இதோட ஜோடி எங்க இருக்கு?"

"அதோ கூண்டுல. ஏன் மேடம்?"

"கேட் பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்குது."

டாக்டர் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "இது கசோவாரி. ஆஸ்திரேலியாவுல, நியூகினித் தீவுக் காட்டுல இருக்கற பறவை. காலேஜ்ல எலும்புதான் பாத்திருக்கேன். இது எப்படி உத்தனப்பள்ளிக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. ஈமுவுக்கு இது ஒண்ணுவிட்ட சொந்தம். ரெண்டு மூணு கோடி வருஷத்துக்கு முந்தி ரெண்டும் ஒரே குடும்பம்."

கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பவுலினா கேட்காமலே கால்களைப் பிடித்துக்கொண்டாள். செத்த காலைப் பிடிக்கவே அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது.

தோலை விலக்கி டாக்டர் நெஞ்செலும்பைக் காட்டினார். "கோழிய வெட்டியிருக்கீங்கல்ல? நெஞ்சுல நடுவுல படகுக்கு அடியில இருக்கற மாதிரி ஒரு எலும்பு தூக்கிட்டு நிக்கும் பாருங்க, சதை ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். ரெக்கைய அடிக்கற சதை அது. இதுல பாருங்க."

எலும்பு தட்டையாக, தாம்பாளத்தைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. ஒட்டிக்கொள்ள ஒன்றுமில்லாததால் அதன்மேல் சதையும் இல்லை.

"ஈமுவுக்கும் இப்படித்தான் இருக்கும். நெருப்புக்கோழிக்கும் இப்படித்தான்" என்றார் டாக்டர். சிறகைத் தேடி வெளியே இழுத்தார். பவுலினாவின் முழங்கைக்குப் பாதி நீளம். இறகு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கறுப்புக் குச்சிகள், முள்ளம்பன்றி முள்ளைப் போல. நுனி விரலில் ஒரு நகம். "இந்தக் குச்சியெல்லாம் ஒரு காலத்துல இறகு. நடுத்தண்டு மட்டும் மிச்சம் நிக்குது. இவங்க முன்னோர் பறந்தவங்கதான்."

"பறக்கறத எதுக்கு விடணும் மேடம்? ரெக்க இருந்தா தப்பிக்கலாமே."

"தப்பிக்க அவசியம் இல்லாத எடத்துல ரெக்கைய வெச்சுக் காப்பாத்தறது பெரிய செலவு அக்கா. கீழயே பழம் கெடக்குது, தொரத்த ஆளில்ல. கொஞ்சம் கொஞ்சமா ரெக்கை சுருங்கும், காலு பெருக்கும். இதுல ஆச்சரியம் என்னன்னா, எல்லாரும் சேர்ந்து ஒரே நாள்ல விடல. தென்னமெரிக்காவுல கௌதாரி மாதிரி டினமூன்னு ஒரு பறவை, இவங்க குடும்பம்தான், இன்னிக்கும் பறக்குது. நியூசிலாந்துல கோழி அளவு கிவி இருக்கு. அதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் பக்கத்துல இல்ல, மடகாஸ்கர்ல இருந்து அழிஞ்சுபோன யானைப்பறவை. பத்தடி ஒசரம். அப்ப பறந்து போயி அங்கங்க எறங்கி, எறங்கின எடத்துல தனித்தனியாத்தான் ரெக்கைய விட்டிருக்கணும்." அலகைத் திறந்து மேல் அண்ணத்தை விளக்குவெளிச்சத்தில் காட்டினார். "எல்லாரும் ஒரே வம்சம்னு கண்டுபிடிச்சது இங்கதான். இந்த எலும்பு அமைப்பு மத்தப் பறவைங்களுக்குக் கிடையாது."

பவுலினா அந்த வாய்க்குள் பார்த்தாள். பத்தடி உயரப் பறவை என்ற சொல்லிலேயே அவள் மனம் நின்றுவிட்டிருந்தது. டாக்டர் கடைசியாகத் தொடையைத் திறந்தார். சதை அடுக்கடுக்காக, சிவப்பாக, ஆட்டுத் தொடையைவிடப் பெரிதாக இருந்தது.

"ரெக்கையில இல்லாதது மொத்தமும் இங்க இருக்கு. பெரியது பொட்டை. பொட்டைதான் இதுல பெருசு. இவங்க தனியா வாழற சாதி, சேர்த்து வெச்சா இதுதான் நடக்கும்." டாக்டர் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களுக்குப் பயமா இருக்குதாக்கா?"

"ரெண்டு வருஷமா இருக்குதுங்க மேடம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"பயந்ததுதான் நல்லது. கேளுங்க. அது எதிர்ல வந்தா ஓடாதீங்க, அது உங்களவிட வேகமா ஓடும். குனியாதீங்க. கீழ விழவே கூடாது, விழுந்தவங்கமேல ஏறும். கையில எது கெடச்சாலும் முன்னால புடிச்சிட்டு, அதப் பாத்தபடியே பின்னால நடங்க. நான் இன்னிக்கே மேல எழுதறேன். வனத்துறையில வியாழக்கிழமைக்குள்ள வந்துடுவாங்க."

வியாழன் வருவதற்குள் பிரகாஷுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. புதன்கிழமை காலை ஆறே முக்கால். மைக்கேல்ராஜ் முதல் ஷிஃப்டுக்குப் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. கர்நாடகா நம்பர் போட்ட ஒரு மினி லாரி வந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. பிரகாஷும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். மரப்பெட்டி ஒன்றையும் இறக்கினார்கள்.

"நீ பண்ணின வேலக்கி இருக்குது உனக்கு" என்று பிரகாஷ் அவளைப் பார்த்து விரல் நீட்டினான். "அதப் பெட்டிக்குள்ள ஏத்து. பார்டர் தாண்டி உட்டுட்டு வந்து பேசிக்கறேன்."

"சார், வேணாங்க சார். அது ஈமு இல்ல. புடிக்க முடியாதுங்க."

"பின்னால போயி புடிடா" என்று அவன் ஆட்களை ஏவினான். ஒருவன் கையில் மீன்வலை, இன்னொருவன் கையில் கோணிச் சாக்கு. பவுலினா வீட்டு வாசலுக்கு ஓடிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அலறல் கேட்டது. திரும்பியபோது சாக்கு வைத்திருந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு லாரிச் சக்கரத்துக்குக் கீழே புரண்டுகொண்டிருந்தான். கேட் திறந்து கிடந்தது. பறவை முற்றத்தில் இருந்தது. ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு கிழக்கு வேலியை நோக்கி ஓடி, அவள் மார்பளவு இருந்த கல்தூண் வேலியை ஓட்டத்திலேயே தாண்டியது.

வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜா பாலிஹவுஸ். அந்த நேரத்தில் உள்ளே பூ அறுக்கும் பெண்கள் இருப்பார்கள்.

பிரகாஷ் அடிபட்டவனைத் தூக்கி லாரியில் போட்டான். பவுலினா, "சார், அங்க பொம்பளைங்க இருக்காங்க சார்" என்று கத்தினாள். அவன் கதவை அறைந்து சாத்தினான். லாரி திரும்பி ரோட்டுக்கு ஏறிப் போய்விட்டது.

அங்கே நின்றுவிடத்தான் அவள் கால்கள் விரும்பின. வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. பழவாளி கையெட்டும் தூரத்தில் இருந்தது, காலைத் தீனிக்காக நிரப்பி வைத்தது. எப்போது அதை எடுத்தாள் என்பது அவளுக்கு இன்றைக்கும் நினைவில்லை. வேலிச் சந்து வழியாக நுழையும்போது வாய் தானாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாலிஹவுஸின் பக்கவாட்டு வலை கிழிந்திருந்தது. உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெளிச்சம் பாலைப் போலப் பரவியிருந்தது. தோளுயரம் வளர்ந்த ரோஜா வரிசைகள், நடுவில் ஓராள் நடக்கும் பாதைகள். சேலைமேல் முழுக்கைச் சட்டை போட்ட பெண்கள் பத்துப் பேருக்குமேல் இருந்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "எவ்ளோ அழகா இருக்குது பாருங்கடி, நீலக் கழுத்து!"

"ஓடாதீங்க! யாரும் ஓடாதீங்க!" பவுலினாவின் குரல் அவளுக்கே கீச்சென்று கேட்டது. "செடிக்கு அந்தப் பக்கம் பூந்துக்கங்க. முள்ளு குத்தினா பரவால்ல. பூந்துக்கங்க!"

அவளை அவர்களுக்கு வேலிக்கு அப்பால் பார்த்துப் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. பெண்கள் முள்ளை விலக்கிக்கொண்டு செடிகளுக்குள் புகுந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரியான தமிழ்செல்வி மட்டும் எல்லோரையும் தள்ளிவிட்டுக் கடைசியாகத் திரும்பினாள். சொட்டுநீர்க் குழாய் காலில் மாட்டியது. பாதையில் குப்புற விழுந்தாள்.

பறவை தலையைத் தாழ்த்தியது. முதுகு மயிர் எழும்பியது. கூரை பிளாஸ்டிக் மெல்ல அதிர்வதைப் பவுலினா காதால் கேட்பதற்கு முன் பல்லில் உணர்ந்தாள்.

பாதையோரம் பூப் போடும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று இருந்தது. வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, அதை எடுத்துத் தமிழ்செல்வியைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். உதை வந்தது தெரியவில்லை, சத்தம்தான் தெரிந்தது. கிரேட்டின் அடிப்பாகம் பிளந்து, அவள் இரண்டு விரல்களுக்கு நடுவில் கறுப்பு நகம் நீட்டிக்கொண்டு நின்றது. பறவை காலை உருவியது. பவுலினா இரண்டடி பின்னால் தள்ளப்பட்டாள். விழவில்லை.

"எழுந்துக்க தமிழு. மெதுவா. செடிக்குள்ள போ."

பின்னால் செடி சரசரத்தது. தமிழ்செல்வி போய்விட்டாள். இப்போது பாதையில் அவளும் பறவையும் மட்டும். ஒரு கையால் கிரேட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் போட்டாள். தினமும் தீனி வைக்கும்போது கூப்பிடுவதுபோலவே, "தா... தா... தா..." என்று அழைக்கப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. பறவை பழத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. பழத்தைத் தூக்கி விழுங்கியது. நீலக் கழுத்தில் ஒரு முண்டு இறங்கிப்போனது.

அவள் ஓரடி பின்வாங்கி இன்னொன்று போட்டாள்.

பாதையின் கடைசியில் பூவைத் தரம் பிரிக்கும் அறை. செங்கல் சுவர், இரும்புக் கதவு. பின்பக்கம் இன்னொரு கதவு உண்டு. அதுவரை அறுபதடி இருக்கும். இரண்டுமுறை பறவை பழத்தை விட்டுவிட்டு அவளை நோக்கிப் பாய எத்தனித்தது. இரண்டுமுறையும் அவள் கிரேட்டை உயர்த்தி அசையாமல் நின்றாள். தொடை நனைந்து, ஈரம் பாதம் வரை இறங்கியதை உணர்ந்தாள். வெட்கப்பட நேரமில்லை.

அறைக்குள் பின்னால் நடந்தே நுழைந்தாள். பறவையும் நுழைந்தது. மேசைகளுக்கு நடுவில் பின்னோக்கிப் போய்ப் பின்கதவில் முதுகை வைத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. வெளியே தாழ் போட்டிருந்தது.

வாளிக்குள் கைவிட்டாள். மூன்று பழங்கள் இருந்தன.

"தமிழு!" என்று கூப்பிட்டாள். குரலை உயர்த்தினால் பறவை மிரளும், உயர்த்தாவிட்டால் கேட்காது. "பின்னால கதவு... தாழ்ப்பாளு..." முதுகுக்குப் பின்னால் குதிகாலால் கதவை உதைத்தாள். ஒரு பழம் போட்டாள். பறவை இரண்டடி தூரத்துக்கு வந்துவிட்டது. அதன் கண்ணின் ஆரஞ்சுப் பழுப்பும், இமைமயிரும், காதுத் துவாரமும் தெரிந்தன. அழுகிய பழவாசனை அடித்தது. இரண்டாவது பழத்தைத் தூரமாக, மேசைக்கு அடியில் எறிந்தாள். அது அதைத் தேடிக் குனிந்தது. டெல்சியின் முகம் மனதில் வந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது.

வெளியே செருப்புச் சத்தம். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு விலகியதும் மல்லாந்து விழப்போனவளைத் தமிழ்செல்வி இடுப்போடு பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, கதவைச் சாத்தி, தாழை அறைந்தாள். அதே நேரத்தில் முன்கதவை மற்ற பெண்கள் இழுத்து மூடும் சத்தமும் கேட்டது. உள்ளே இரும்பில் ஒரு இடி விழுந்தது. இன்னொன்று. பிறகு அமைதி.

பவுலினா மண்ணில் உட்கார்ந்தாள். கடைசி வாழைப்பழம் கையில் கூழாகியிருந்தது. தமிழ்செல்வி அவள் சேலையைப் பார்த்தாள். தன் முழுக்கைச் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள். தமிழ்செல்வியின் கைகளெல்லாம் முள் கிழித்து ரத்தமாக இருந்தன.

பவுலினா மறுபடி போன் போட்டுச் சொன்னதும், மதியம் டாக்டர் மணிமேகலையும் வனத்துறை ஆட்களும் வந்தார்கள். ஜன்னல் வழியாக மயக்க ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, பறவையைக் கூண்டு வண்டியில் ஏற்றினார்கள். பண்ணை வீட்டுக்கு சீல் வைத்தார்கள். பிரகாஷைப் பத்து நாள் கழித்து ஆனேக்கல்லில் பிடித்ததாகச் செய்தி வந்தது. முதலாளி தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். மைக்கேல்ராஜ் மத்திகிரியில் ஒரு வீடு பார்த்தான். புது வீட்டில் முதல் வாரம் பக்கத்துத் தெருவில் போர் போட்டார்கள். அதே உறுமல். பவுலினா இரண்டு நாளும் மகளின் ஹாஸ்டலில் போய் இருந்துவிட்டு வந்தாள்.

ஒரு மாதத்தில் டாக்டர் கூப்பிட்டார். மிருகக்காட்சி சாலையில் பறவை சரியாகத் தின்னவில்லையாம். ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று அங்கே கேட்கிறார்களாம்.

"முடியாதுங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு எந்தப் பஸ் என்று கேட்டாள். எதற்காகக் கேட்டாள் என்று மைக்கேல்ராஜுக்கு விளக்க அவளால் முடியவில்லை. "செத்துப்போச்சுன்னா அதுவும் என் தலையிலதான் கெடக்கும்" என்று மட்டும் சொன்னாள். அவனும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனான்.

அங்கே இரட்டை வேலி போட்டிருந்தார்கள். உள்ளே நிழலும் குட்டையும் புதரும் இருந்தன. பழத்தைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டில் வைத்திருந்தார்கள். முழுசாகப் போடுங்கள், தரையில் போடுங்கள், பக்கத்தில் யாரும் நிற்காதீர்கள் என்று பவுலினா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் புதருக்குள்ளிருந்து கறுப்பாக அது வெளியே வந்தது. நேராக வேலிவரை வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. அதற்குத் தன்னை அடையாளம் தெரிகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மைக்கேல்ராஜின் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பறவை திரும்பிப்போய் ஒரு முழு மாம்பழத்தை எடுத்து விழுங்கியது. பிறகு இன்னொன்று.

அங்கே அதைப் பார்த்துக்கொள்பவர் நோட்டை எடுத்தார். "பலகையில எழுதணும்மா. இதுக்கு நீங்க என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

"பேரா?" பவுலினா யோசித்தாள். "பேர் வெக்கிற அளவுக்கு நான் அதுங்கிட்ட போனதில்லீங்க. ரெண்டு வருஷமும் எட்டத்திலேயேதான் நின்னேன்."

அவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அது ஒரு வேளைக்கு எத்தனை பழம் தின்னும் என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு இருவரும் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். அடுத்த வாரம் அவள் தமிழ்செல்வியுடன் ரோஜா தரம் பிரிக்கும் வேலையில் சேர்ந்தாள். அந்த அறையில் பின்கதவுத் தாழ்ப்பாளைத் திறந்து பார்த்த பிறகுதான் இன்றைக்கும் மேசைக்குப் போகிறாள்.